தூண்டில் கம்புக்குத் துணி உறை: அளவெடுப்பது முதல் பயணம் வரை

கிருஷ்ணகிரி அணை, கெலவரப்பள்ளி, பாம்பாறு, வாணியாறு, தொப்பையாறு என நீர்நிலைகளுக்குக் குறைவில்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாகத் தூண்டில் பிடிக்கத் தொடங்குபவருக்கு எந்த ராடு (தூண்டில் கம்பு) வாங்கலாம், நரம்பைச் சுற்றிவைக்க எந்த ரீல் பொருந்தும், எந்த நரம்பு (தூண்டில் இழை) தாங்கும் என்று சொல்லித்தர ஆட்கள் கிடைக்கிறார்கள். வாங்கிய ராடை எதில் போட்டு வைப்பது, பேருந்திலும் ரயிலிலும் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ராடோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையையே பலர் கிழியும்வரை பயன்படுத்துகிறார்கள். எனக்கு ஒரு நல்ல துணி உறை வேண்டியிருந்தபோது துணிக்கடையில் எத்தனை மீட்டர் என்றார்கள், தையல் கடையில் அளவு என்ன என்றார்கள், பார்சல் அலுவலகத்தில் பில் எங்கே என்றார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே அலைந்து விடை தேட வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். துணி உறை கீறலைத் தடுக்கும், இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்கும், மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வழிவிடும். மேலிருந்து ஒரு மூட்டை விழுந்தால் ராடு முறியாமல் காக்க அதனால் முடியாது. அதற்குக் குழாய் வேண்டும். வீட்டில் வைக்கத் துணி உறை போதும், வெளியூர்ப் பயணத்துக்குத் துணி உறையும் அதன்மேல் குழாயும் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் வீண்செலவு இல்லை.

1. உங்கள் ராடு எந்த வகை என்று பாருங்கள்

நம் பக்கம் புதியவர்கள் வாங்குவதில் மூன்று வகைகள் உண்டு. ஒன்றுக்குள் ஒன்று இழுபடும் மடக்கு ராடு, நடுவில் சொருகி இணைக்கும் இரண்டு துண்டு ராடு, மூன்று அல்லது நான்கு துண்டுகளாகப் பிரியும் பயண ராடு. மடக்கு ராடுக்கு ஒரே அறை கொண்ட உறை போதும். இரண்டு துண்டு ராடுக்கு இரண்டு அறைகள் கட்டாயம் வேண்டும், ஏனெனில் ஒரே அறையில் இரண்டையும் போட்டால் ஒரு துண்டில் நரம்பு ஓடுவதற்காக உள்ள உலோக வளையம் மற்றதன் உடலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கார்பன் ராடின் மேற்பரப்பில் விழும் ஆழமான கீறல் வெறும் அழகுக் குறைவு என்று எண்ண வேண்டாம். பெரிய மீன் இழுத்து ராடு வளையும்போது அந்தக் கீறலிலிருந்தே முறிவு தொடங்கக்கூடும்.

ரீல் எந்தப் பக்கம் மாட்டப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். ரீல் கீழ்ப்பக்கம் தொங்கும் ஸ்பின்னிங் ராடுகளில் கைப்பிடிக்கு அருகிலுள்ள முதல் வளையம் பெரியதாகவும் உயரமாகவும் இருக்கும். ரீல் மேலே அமரும் பெய்ட் காஸ்டிங் ராடுகளில் வளையங்கள் சிறியவை. ஒன்றுக்கு எடுத்த அளவு மற்றதற்கு உதவாது. இணையத்தில் எல்லா ராடுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் உறைகளை வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இந்த முதல் வளையத்தில்தான்.

2. அளவெடுங்கள்

அளவெடுக்கும் முன் ரீலைக் கழற்றி, நரம்பை முழுவதும் உருவி, முள்ளை அகற்றிவிடுங்கள். தையற்காரர் அங்குலத்தில்தான் பேசுவார் என்பதால் நீங்களும் அங்குலத்திலேயே குறித்துக்கொள்வது நல்லது. சென்டிமீட்டரில் எழுதிக்கொடுத்த சீட்டை அவர் கடையில் யாராவது மாற்றிக் கணக்கிடும்போது அரை அங்குலம் எளிதில் தவறிவிடும்.

வேண்டிய அளவுகள் மூன்று. முதலாவது, மிக நீளமான துண்டின் நீளம். 7 அடி ராடின் பாதி 42 அங்குலம்தானே என்று மனக்கணக்குப் போடாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று சொருகும் பகுதி இருப்பதால் துண்டு அதைவிடச் சற்று நீளமாக, 43 அல்லது 44 அங்குலம் வரை இருக்கும். தரையில் கிடத்தி, நுனி வளையத்தின் வெளி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கைப்பிடித் துண்டின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு. அது கைப்பிடியாக இருக்கலாம், ரீல் மாட்டும் இடமாக இருக்கலாம், பெரிய வளையம் நிற்கும் இடமாகவும் இருக்கலாம். ஒரு நூலை ராடின் உடலையும் வளையத்தின் உச்சியையும் சேர்த்துச் சுற்றி, அந்த நூலை அளவு நாடாவில் வைத்துப் பாருங்கள். மூன்று இடங்களிலும் பார்த்து, எது பெரியதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நுனித் துண்டில் இதே போன்ற சுற்றளவு.

இனிக் கணக்கு. அறையின் விரித்துப்போட்ட அகலம் என்பது சுற்றளவில் பாதியுடன் அரை அங்குலம். கைப்பிடித் துண்டின் சுற்றளவு 5 அங்குலம் என்றால் அறையின் அகலம் 3 அங்குலம். நுனித் துண்டின் சுற்றளவு 3 அங்குலம் என்றால் 2 அங்குலம். இரண்டும் சேர்ந்து 5 அங்குலம், தையலுக்காக இருபுறமும் அரை அங்குலம், ஆக வெட்டவேண்டிய அகலம் 6 அங்குலம். நீளத்தில், 44 அங்குலத் துண்டுக்கு 2 அங்குலம் தாராளம் விட்டு உறையின் ஆழம் 46 அங்குலம். முன்பக்கத் துணிக்கு அதோடு அடித்தையலுக்கு அரை அங்குலமும் மேல்விளிம்பை மடித்தடிக்க ஓர் அங்குலமும் சேர்த்து 47½ அங்குலம். பின்பக்கத் துணி வாயை மூடும் மடிப்புக்காக இன்னும் 6 அங்குலம் நீண்டு 53½ அங்குலம்.

அந்த 2 அங்குலத் தாராளத்தைக் குறைக்கச் சொல்லி யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நுனி துணியின் வாய்மடிப்பில் முட்டிக்கொண்டு நின்றால், உறையை யாரேனும் மேலிருந்து பிடித்துத் தூக்கும்போது முழு இழுப்பும் அந்த மெல்லிய நுனியின் மீதே வரும். அகலத்தில் மட்டும் தாராளம் அளவோடு இருக்கட்டும். தொளதொளவென்ற அறைக்குள் ராடு ஆடும், ஆடினால் உரசும்.

3. துணி வாங்குங்கள்

நான் பரிந்துரைப்பது வெளுக்காத காடா துணி. பருத்தி என்பதால் ஈரத்தை வெளியே விடும். சாயம் இல்லாததால் நனைந்த கைப்பிடியின் தக்கையில் கறை ஏறாது. இந்தப் பக்கத்துத் துணிக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும். மென்மை கூடுதலாக வேண்டுமென்றால் குழந்தைகளின் உடைக்கு வாங்கும் ஃபிளானல் நன்று, விலைதான் கூடும். அணைக்கரையில் சீமைக் கருவேல முள் நிறைந்த இடங்களில் திரிபவர்கள் வெளியே கான்வாஸ், உள்ளே காடா என்று இரண்டடுக்காகத் தைத்துக்கொள்ளலாம்.

ரெக்சின், ரப்பர் பூச்சுள்ள மழைத்துணி, உள்ளே பஞ்சடைத்து வெளியே நைலான் போட்ட துணி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மழைநீரை உள்ளே விடாத துணி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. ஈரத்தோடு மூடிவைத்த ராடின் மேல்பூச்சில் சிறு கொப்புளங்கள் எழும், தக்கையில் பூஞ்சை பிடிக்கும், வளையத்தின் கால்களில் துரு ஏறும்.

கடையில் முதலில் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, கேளுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஓர் உறைக்கு 6 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள், அதாவது 12 அங்குலம் தேவை. 36 அங்குலப் பன்னாவில் 1½ மீட்டர் வாங்கினால் இரண்டு உறைகளும் நாடாவுக்கான துணியும் கிடைக்கும். 44 அங்குலப் பன்னாவில் அதே நீளத்துக்கு மூன்று உறைகள் வரும். ஆகவே தனியாக வாங்குவதைவிட நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து வாங்கினால் செலவு பங்காகும். காடா துணி மீட்டர் நூறு ரூபாய்க்கு முன்பின்னாக எனக்குக் கிடைத்தது. கான்வாஸுக்கு அதைவிடக் கூடுதலாகும்.

வாங்கிய துணியை வெட்டும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுத்தான் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். காடா துணி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் இத்தனை கவனமாக எடுத்த அளவுக்குப் பொருளே இல்லாமல் போகும். இதற்காக ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள், மழைக்காலமென்றால் இரண்டு நாள்.

4. தையற்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்

இதுவரை ராடு உறை தைத்திராத தையற்காரருக்கு நீளமான சுருக்குப் பை என்று சொன்னால் உடனே பிடிபடும், ஆனால் அப்படிச் சொன்னதும் அவர் வாயில் சுருக்குக் கயிறு கோக்கத் தொடங்குவார். நமக்குச் சுருக்கு வேண்டாம். சுருக்குக் கயிற்றை இழுத்து முடியும்போது வாய்த்துணி குவிந்து நுனியைப் பக்கவாட்டில் அழுத்தும். மேலே மடிந்து விழும் மடிப்பும், அதைக் கட்ட ஒரு நாடாவும் போதும். ஆகவே வாயால் விளக்குவதோடு நில்லாமல் ஒரு தாளில் படம் வரைந்து, ஒவ்வோர் அளவையும் அதில் எழுதி, முடிந்தால் ராடையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அவரிடம் வலியுறுத்த வேண்டியவை சில உண்டு. முதலில் அறைகளைப் பிரிக்கும் நடுத்தையல் அடியிலிருந்து வாய் வரை முழுமையாக ஓட வேண்டும். பாதியில் நின்றால் மேல்பாதியில் இரண்டு துண்டுகளும் சந்தித்துக்கொள்ளும். உறையின் உட்புறம் எங்கும் நூல் பிசிறு இருக்கக் கூடாது. ஓரங்களுக்கு ஓவர்லாக் அடிக்கலாம், அதைவிட நல்லது ஓரத்தை மடித்து உள்ளடக்கி இரட்டைத் தையல் போடுவது. பிசிறுள்ள ஓரம் ராடை உள்ளே விடும்போதும் எடுக்கும்போதும் ஒவ்வொரு வளையத்திலும் மாட்டிக்கொள்ளும். மாட்டியதைத் தெரியாமல் இழுக்கும்போது வளையத்தின் உள்ளே இருக்கும் பீங்கான் வட்டம் பெயர்ந்துவிடலாம். வட்டத்தில் விரிசல் விழுந்துவிட்டால் அடுத்த முறை நரம்பு அதில் உரசி அறும், காரணம் தெரியாமல் நரம்பைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம்.

கைப்பிடி போய் உட்காரும் அடிப்பகுதியில் நான்கு அங்குல உயரத்துக்கு இன்னொரு துணியை ஒட்டுப்போடச் சொல்லுங்கள். உறை முதலில் கிழிவது அங்கேதான். நாடாவைப் பின்பக்க மடிப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், குறுக்கும் நெடுக்குமாக அடித்துப் பொருத்த வேண்டும். நாடா 24 அங்குலம் இருந்தால் மடிப்பைச் சுற்றிவந்து கட்டலாம். ஜிப் வேண்டாம், அதன் பற்கள் ராடைக் கீறும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டையின் முரட்டுப் பக்கமும் அப்படியே. தொங்கவிட விரும்பினால் மடிப்பின் மேல்விளிம்பில் நாடாவால் ஒரு காது வைக்கச் சொல்லலாம்.

கூலி ஓர் உறைக்கு நூறு முதல் இருநூறு ரூபாய் வரை கேட்பார்கள். இரண்டடுக்கு என்றால் கூடும். துணி, கூலி எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிவதே நியாயம் என்பது என் கணக்கு. பணத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களிலும், பள்ளிச் சீருடை தைக்கும் மே, ஜூன் மாதங்களிலும், ஆவணி, தை முகூர்த்த நாள்களை ஒட்டியும் எந்தத் தையற்காரரும் இந்தச் சிறு வேலையை முதலில் எடுக்கமாட்டார். மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வாங்கும்போது கடையிலேயே ராடை உள்ளே விட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று மடித்து எடுத்து வராதீர்கள்.

5. ஆவணங்களை உறையோடு சேர்த்து வையுங்கள்

ராடு வாங்கிய பில்லை உடனே புகைப்படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில்லின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். உத்தரவாதம் உள்ள ராடு என்றால் பில்லோடு ராடின் மீதுள்ள மாடல் எண்ணையும் படமெடுத்து வையுங்கள், உறைக்குள் இருந்த உத்தரவாத அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பார்சல் அனுப்பவும், வழியில் விசாரிப்போருக்குக் காட்டவும் இந்தப் பில்தான் உதவும். உறையின் உட்புற மடிப்பில் அழியாத மையால் உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வைப்பது நல்லது.

தூண்டில் போட இருக்கும் இடத்துக்கான அனுமதி இன்னொன்று. ஏரிகளும் குளங்களும் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் கேட்டு, முடிந்தால் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அணைகள் என்றால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். ஒகேனக்கல்லை ஒட்டியும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கமும் செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022ஆம் ஆண்டில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டுள்ளதால் காவிரிக்கரைக் காடுகளின் பெரும்பகுதி இப்போது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் அங்கே தூண்டிலோடு இறங்கக் கூடாது. ராடு உறையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது சோதனைச் சாவடியில் விலக்காகாது.

6. உறையில் இடும் முறை

வீட்டுக்கு வந்ததும் ராடை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். மடக்கு ராடு என்றால் அடியிலுள்ள திருகு மூடியைக் கழற்றித் துண்டுகளை வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும், ஏனெனில் அதன் உள்குழலில் தேங்கும் நீர் வெளியே தெரிவதில்லை. சொருகு பகுதியில் செம்மண் துகள் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு, மெழுகுவர்த்தியை அதன்மேல் இலேசாகத் தேய்த்தால் இணைப்பு இறுகிச் சிக்காது. இரண்டு துண்டுகளையும் இணைத்தபடியே மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

கைப்பிடித் துண்டு கைப்பிடி கீழாக இறங்கட்டும். நுனித் துண்டும் அதேபோல் தடித்த முனை கீழாகவும் நுனி மேலாகவும் இருக்க வேண்டும். நுனி கீழே இருந்தால் துண்டின் எடை முழுவதும் அதன்மேல் அமரும். வளையங்கள் ஒரே பக்கம் நோக்கியிருக்கும்படி, அவசரமில்லாமல், ஒரு கையால் துணியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் இறக்குங்கள். எங்கேனும் தடைப்பட்டால் அழுத்தாமல் சற்று மேலே இழுத்துத் திருப்பி மறுபடி விடுங்கள். மடிப்பை முன்பக்கமாக மடக்கி, நாடாவைச் சுற்றி ஒரு முடிச்சு. இறுக்கிக் கட்டவே கூடாது. இறுகிய கட்டு நாளடைவில் துண்டை வளைத்துவிடும்.

7. வீட்டில் வைக்கும் இடம்

சுவரில் சாய்த்து வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம், சாய்ந்தபடியே நெடுநாள் நிற்கும் ராடு வளையும். உறையில் வைத்த நாடாக் காதை ஆணியில் மாட்டித் தொங்கவிடலாம், அல்லது இரண்டு மூன்று இடங்களில் தாங்கலுள்ள பரணில் படுக்கையாக வைக்கலாம். மேற்கு வெயில் விழும் சுவரும், தகரக் கூரையின் அடியும், சமையலறைப் பரணும் வேண்டாம். சித்திரை, வைகாசியில் மூடிய காருக்குள் விட்டுவிடாதீர்கள். நுனி வளையத்தைப் பொருத்தியிருக்கும் பசை சூட்டில் இளகிவிடும்.

மண் சுவர் உள்ள வீடுகளில் உறை சுவரையும் தரையையும் தொடாமல் இருக்கட்டும். பருத்தித் துணியும் தக்கையும் கரையானுக்குப் பிடித்தமானவை. உறைக்குள் அந்துருண்டை போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதன் நாப்தலின் சில பிளாஸ்டிக்குகளை இளக்கும் என்பதால் உலர்ந்த வேப்பிலையே மேல். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் ராடை வெளியே எடுத்துக் காற்றாட வைத்து, உறையை மட்டும் சோப்புத் தூள் குறைவாகப் போட்டு அலசி, உட்புறம் வெளியே வரும்படி புரட்டி வெயிலில் காயப்போடுங்கள்.

8. பயணம்

வெளியூர்ப் பயணம் என்றால் உறையோடு ராடைக் குழாய்க்குள் விடுவதே பாதுகாப்பு. பிளம்பிங் கடையில் பி.வி.சி. குழாய் 75, 90, 110 மில்லிமீட்டர் அளவுகளில் கிடைக்கும். மடக்கு ராடுக்கும் காஸ்டிங் ராடுக்கும் 75 போதும், பெரிய வளையம் உள்ள ஸ்பின்னிங் ராடுக்கு 90 தேவைப்படலாம். இங்கும் உறையோடு ராடைக் கடைக்கு எடுத்துச் சென்று விட்டுப் பார்த்தே வாங்குங்கள். குழாயின் ஒரு முனைக்கு மூடியை ஒட்டிவிட்டு, மறுமுனைக்குத் திருகு மூடி போடச் சொல்லுங்கள். அறுத்த விளிம்பை அரத்தாள் கொண்டு தேய்த்து மழுக்குவது அவசியம், இல்லாவிட்டால் உறை அதில் கிழியும். இரண்டு முனையிலும் பழைய துணியைச் சுருட்டி வைத்தால் ராடு உள்ளே முன்னும் பின்னும் ஓடாது. ஊர் திரும்பியதும் ராடைக் குழாயிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் காற்றோட்டம் இல்லை.

இருசக்கர வாகனத்தில் குழாயை முதுகில் வாருடன் மாட்டி, தலைக்கு மேல் ஓரடிக்கு மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையிலும் தொப்பூர் கணவாயிலும் லாரிகள் நெருங்கி உரசிச் செல்லும் என்பதால் குறுக்குவாக்கில் கட்டுவது ஆபத்து. இணைத்த ராடை நிமிர்த்திப் பிடித்தபடி பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதைச் செய்யவே கூடாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வயல்வெளியில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியின்கீழ் நடக்கும்போதும் ராடைப் பிரித்து உறையில் இட்ட பிறகே கடந்து செல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்லும் பேருந்துகளில் விடுமுறை நாள்களில் நிற்கவும் இடமிருக்காது. அதிகாலைப் பேருந்தைப் பிடித்தால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குழாயை நிறுத்தி வைக்க இடம் கிடைக்கும். மேல்தட்டில் படுக்கையாக வைத்தால் மலைப்பாதை வளைவுகளில் உருளும், அடுத்தவர் மூட்டையும் அதன்மேல் ஏறும். சன்னலுக்கு வெளியே எந்த முனையும் நீளக் கூடாது. நடத்துநர் சுமைக் கட்டணம் கேட்டால் கொடுத்து, அதற்கான சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ரயிலைப் பொறுத்தவரை கிருஷ்ணகிரி நகரில் நிலையம் இல்லாததால் ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி ஆகியவற்றில் அருகில் உள்ளதற்குச் செல்ல வேண்டும். பெட்டிக்குள் உடன் வைத்துக்கொள்ளும் சூட்கேஸ், டிரங்குப் பெட்டி போன்றவற்றுக்கு ரயில்வே விதித்திருக்கும் அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம். குளிர்சாதன மூன்றடுக்குப் பெட்டியிலும் சேர் காரிலும் அது 55, 45, 22.5 ஆகக் குறைகிறது. 44 அங்குலத் துண்டு சுமார் 112 சென்டிமீட்டர் என்பதால், விதியை எழுத்துப்படி பார்க்கும் பரிசோதகர் கேள்வி எழுப்ப இடமுண்டு. அந்தக் கவலை வேண்டாம் என்பவர்கள் மூன்று, நான்கு துண்டுப் பயண ராடையோ மடக்கு ராடையோ தேர்ந்தெடுக்கலாம். நீளமான ஒற்றைத் துண்டு ராடைச் சரக்குப் பெட்டியில் பதிவு செய்துதான் அனுப்ப வேண்டியிருக்கும். ரயில் புறப்பட அரை மணி நேரத்துக்கு முன்பே பொருள் லக்கேஜ் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வரிசை, எடை போடுதல், சீட்டு எழுதுதல் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். பதிவு வசதி எல்லாச் சிறு நிலையங்களிலும் இருக்கும் என்று எண்ணாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூரு சென்று விமானம் ஏறுபவர்கள் ராடைச் செக்-இன் பையாகவே ஒப்படைக்கத் தயாராகச் செல்லுங்கள், முள்ளும் கத்தியும் கைப்பையில் இருக்கவே கூடாது. பல விமான நிறுவனங்கள் செக்-இன் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. 90 மில்லிமீட்டர் குழாய்க்கு அகலமும் உயரமுமாக 18 சென்டிமீட்டர் போக, நீளத்துக்கு 140 மிஞ்சும். 7 அடி இரண்டு துண்டு ராடு இதற்குள் அடங்கும், 9 அடி இரண்டு துண்டு ராடு மூடிகளோடு சேர்த்தால் மீறிவிடும். மீறினால் கூடுதல் கட்டணம் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போதே அந்த நிறுவனத்தின் விதியைப் படித்து, அப்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் கவுன்டரில் வாதாட வேண்டியிருக்காது.

9. பார்சலில் அனுப்புவதென்றால்

வளையம் மாற்றவோ உத்தரவாதத்துக்காகவோ ராடை அனுப்ப நேர்ந்தால், துணி உறை, அதன்மேல் குழாய் என்ற வரிசையைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். அட்டைப் பெட்டிக்குள் வெறும் துணி உறையோடு எடுத்துக்கொள்ளச் சில பார்சல் அலுவலகங்கள் தயங்காமல் ஒப்புக்கொள்ளும், முறிந்து வந்தால் கட்டிய விதம் சரியில்லை என்று கையை விரித்துவிடும். கட்டும் முன் ராடின் முழு நீளத்தையும், உறையில் இட்ட பிறகு ஒன்றையும், குழாயை மூடிய பிறகு ஒன்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் மதிப்பைப் பில்லில் உள்ளபடியே எழுதி, பில் நகலைக் குழாயின் வெளியே பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள். காப்பீடு உண்டா, அதன் உச்சவரம்பு என்ன என்று கேட்டு, விடையைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நீளமான பொருளுக்கு எடையைப் பார்க்காமல் பருமனைக் கணக்கிட்டுக் கட்டணம் போடும் அலுவலகங்கள் உண்டு என்பதால், குழாயின் நீளத்தையும் குறுக்களவையும் சொல்லி இரண்டு இடங்களில் விலை கேட்ட பிறகே கொடுங்கள். திரும்பி வரும்போது குழாயைப் பிரிப்பதையும் கைப்பேசியில் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். சேதம் இருந்தால் முறையீட்டுக்கு அந்த அலுவலகம் எத்தனை நாள் தருகிறது என்பது சீட்டின் பின்புறத்தில் சிறு எழுத்தில் இருக்கும், அதை அனுப்பும் நாளிலேயே படித்துவிடுங்கள்.